கார் ஏசிக்குப் பாதி விலையில் கிடைக்கும் கேஸைப் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். சிலிண்டரில் ஆர்-134ஏ (கார் ஏசியில் வழக்கமாகப் போடும் குளிரூட்டும் கேஸ்) என்று எழுதியிருந்தாலும் உள்ளே மெத்தில் குளோரைடு, அதாவது ஆர்-40, கலந்திருக்கலாம். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஆர்-40 மைனஸ் 24 டிகிரியில். அதனால் கேஜ் மாட்டிப் பார்த்தால் அழுத்தம் சரியாகவே தெரியும். ஏசியும் குளிரும். அனுபவமுள்ள மெக்கானிக்கே ஏமாந்துபோவார்.

ஆபத்து அலுமினியத்தில் இருக்கிறது. ஆர்-40 அதோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் சேர்மத்தை உண்டாக்கும். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பல் குளிர்பதனக் கன்டெய்னர்களின் கம்ப்ரசர்கள் இப்படித்தான் வெடித்தன. அவற்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கார் கம்ப்ரசர், கண்டென்சர் இரண்டிலும் அலுமினியம்தான் அதிகம்.

அப்புறம், கண்டுபிடிப்பது எப்படி? கேஸ் கசிவைச் சுடரின் நிறத்தால் காட்டும் பழைய ஹாலைடு விளக்கே போதும். நல்ல ஆர்-134ஏவில் குளோரின் கிடையாது, சுடர் நிறம் மாறாது. பச்சையாக மாறினால் உள்ளே குளோரின் சேர்மம் இருக்கிறது. கேஸைச் சோதிக்கும் கருவி உள்ள பட்டறை என்றால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? ஏசியை இயக்காதீர்கள். குழாயைக் கழற்ற யாரையும் விடாதீர்கள், கழற்றும் கைதான் முதலில் வேகும். சந்தேகத்தை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.