வாங்குமுன் ஒரு வார்த்தை: கொழும்பில் எங்கே தங்குவது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயம்தான்: முதன்முறை கொழும்புக்குப் போகிறோம், எங்கே தங்குவது? சுகநலம், ஊர்ப்புதினம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

மகளுக்குப் பத்தரமுல்லையில் காலை எட்டரைக்கு நேர்முகத் தேர்வு. எல்லோரும் வெள்ளவத்தையில் தங்கச் சொல்கிறார்கள். அங்கே மலிவான லொட்ஜ் எது? (சாவகச்சேரி)

மலிவைப் பிறகு பார்ப்போம். வெள்ளவத்தை எதற்கு? தமிழில் கதைக்கலாம், தோசை கிடைக்கும், யாழ்ப்பாணத்து பஸ் அங்கேயே இறக்கிவிடும். எல்லாம் சரி. ஆனால் வெள்ளவத்தை இருப்பது கடற்கரையோரம், காலி வீதியில். பத்தரமுல்லை இருப்பது பாராளுமன்றப் பக்கம். காலை ஏழு மணி நெரிசலில் நகரத்தைக் குறுக்கே வெட்டிப் போகவேண்டும். பிள்ளை வியர்த்து விறுவிறுத்துப் போய் நேர்முகத்தில் என்ன சொல்லப் போகிறாள்? ராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கமே அறை பாருங்கள். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெல போகும் 177 பஸ் அந்த வழியால்தான் போகிறது.

அலுவல் பம்பலப்பிட்டியிலோ கொள்ளுப்பிட்டியிலோ கோட்டையிலோ என்றால் வெள்ளவத்தையை அடிக்க இடமில்லை. காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கரையோர ரயிலுக்கு வீதி நெரிசலும் கிடையாது. எங்கே தங்கினாலும் அறை வாடகையோடு இரண்டு ஓட்டோக் காசையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா இல்லையா என்று சொல்லுங்கள்.

பாஸ்போட் எடுக்க நாலு பேர் போகிறோம். இரண்டு நாளைக்கு அறை வேண்டும். (கோப்பாய்)

எதற்கு? 2025 செப்டெம்பர் தொடக்கம் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

இரவு பஸ்ஸில் போய் விடிய நாலரைக்கு இறங்கினோம். பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் அறை, இப்போதே வேண்டுமென்றால் இன்னொரு நாள் காசு என்றார்கள். இது நியாயமா? (உடுப்பிட்டி)

அநியாயம். இதை எழுத யாராவது கேட்கமாட்டார்களா என்று நானும் காத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்து இரவு பஸ்ஸை நம்பியே பிழைக்கிற லொட்ஜுகள் இவை. பஸ் இரவு புறப்பட்டு விடியமுன் வந்து சேரும் என்பது வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். ஆனால் அவர்களுடைய ‘ஒரு நாள்’ பின்னேரம் இரண்டுக்குத் தொடங்கி அடுத்த நாள் மதியம் பன்னிரண்டுக்கு முடிகிறது. இருபத்திரண்டு மணித்தியாலம். பகலில் அலுவலை முடித்துக்கொண்டு அன்றிரவே திரும்புகிறவர் காலையில் குளிக்கவும் ஒரு மணித்தியாலம் சாயவும் முழு நாள் காசு கட்டவேண்டும். பின்னேரமும் அறை வேண்டுமென்றால் இரண்டு நாள் காசு.

விடிய ஐந்து மணிக்கு அந்த வரவேற்பு மேசையடியில் நின்று பாருங்கள். ஒரு கதிரையில் பாட்டி முருங்கைக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி விழுகிறார். சின்னப்பிள்ளை நிலத்தில் சுருண்டு கிடக்கிறது. மேசைக்குப் பின்னால் பலகையில் திறப்புகள் வரிசையாகத் தொங்குகின்றன. அத்தனையும் வெறும் அறைகள்! “ரெண்டு மணிக்கு வாங்கோ” என்கிறார் பொடியன், தலை நிமிராமலே.

சட்டப்படி அவர்களைப் பிடிக்க முடியாது, நேரத்தை விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். ஆகவே காசு கட்டுமுன் நீங்கள்தான் கேட்கவேண்டும்: “விடிய அஞ்சு மணிக்கு வருவம், அறை தருவியளா, கூட எவ்வளவு?” பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கி வையுங்கள். வெளிப்படையாகக் கேட்டால் அரைநாள் வாடகைக்கு இறங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பகல் ரயிலில் போனால் இந்தத் தலையிடியே இல்லை.

கடற்காட்சி அறைக்குக் கூடக் காசு கேட்கிறார்கள். எடுக்கலாமா? (ஊர்காவற்றுறை)

ஊர்காவற்றுறையில் இருந்துகொண்டு கடல் பார்க்கக் காசு கொடுக்கப் போகிறீர்களா? நான் கொடுத்தேன். வெள்ளவத்தையில் கடலுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே ரயில் பாதை போகிறது. விடிய முதல் ரயிலோடு கட்டில் ஆடத் தொடங்கியது. போட்டோவில் கடல் மட்டும்தான் இருந்தது.

மலிவு என்று ஒன்லைனில் பதிந்தேன். போனால் பொதுக் குளியலறை. இரத்துச் செய்தால் காசு திருப்பித் தரமாட்டார்களாம். என்ன செய்யலாம்? (திருநெல்வேலி)

நீங்களே அனுப்பிய பதிவுத் தாளில் ‘பொதுக் குளியலறை’ என்று இருக்கிறது. ‘பணம் மீளளிக்கப்படாது’ என்றும் இருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாது. அடுத்தமுறை வாசியுங்கள் தம்பி.

முகநூலில் பார்த்து வெள்ளவத்தையில் ஒரு அனெக்சுக்கு மூன்று நாள் காசையும் வங்கியில் போட்டோம். போனால் அந்த விலாசத்தில் மருந்துக்கடை. போன் நிற்பாட்டியிருக்கிறது. எங்கள் பிழைதான், மனம் ஆறவில்லை. (கிளிநொச்சி)

உங்கள் பிழை இல்லை, தங்கச்சி. களவெடுத்தவன் பிழை. ஊர் தெரியாதவர்கள் அவசரத்தில் தேடுவார்கள் என்று தெரிந்துதான் வலை விரிக்கிறான். இன்றைக்கே உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் அந்தக் கணக்கைப் பற்றி எழுத்தில் முறையிடுங்கள். காசு போட்ட ரசீது, முகநூல் பக்கம், அவன் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் அழியமுன் படமெடுத்து வைத்து, பொலிசில் முறைப்பாடு போட்டு இலக்கத்தை வாங்குங்கள். காசு திரும்பும் என்று வாக்குத் தரமாட்டேன். ஆனால் அதே கணக்குக்கு இன்னும் நாலு பேர் போட்டிருந்தால் உங்கள் முறைப்பாடுதான் அவனைப் பிடிக்க முதல் துப்பு.

மற்றவர்களுக்கு: வீடியோ அழைப்பில் அறையிலிருந்து இறங்கி வீதிவரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் காட்டுவார். முற்பணம் ஒரு இரவுக்கு மேல் கொடுக்கவேண்டாம்.

அம்மாவை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். சிங்களம் தெரியாது, வெள்ளவத்தையில் நிற்பதுதான் பயமில்லை என்கிறார்கள். (பருத்தித்துறை)

பயம் விளங்குகிறது. என்றாலும் மகரகமையிலேயே நில்லுங்கள், ஆஸ்பத்திரிக்கு நடக்கக்கூடிய தூரத்தில். மருந்து ஏற்றிக் களைத்த அம்மாவைப் பின்னேர நெரிசலில் அலைக்கழிக்காதீர்கள். மேல்மாடி வேண்டாம், கீழ்த்தளத்தில் கேளுங்கள். வெந்நீர் வைத்துக்கொள்ள விடுவார்களா என்றும் கேளுங்கள். புறக்கோட்டையில் இறங்கினால் 138 பஸ் மகரகமைக்குப் போகும்.

எட்டாயிரம் என்று சொல்லிவிட்டுப் பில்லில் பத்தாயிரத்துக்கு மேல் போட்டார்கள். (சுன்னாகம்)

பத்து வீதம் சேவைக் கட்டணம், பதினெட்டு வீதம் வற் (பெறுமதிசேர் வரி). இரண்டும் சேர்ந்தால் அப்படித்தான் வரும். விலை கேட்கும்போதே “எல்லாம் சேர்த்தா?” என்று கேட்கவேண்டும். பில்லில் வற் பதிவு இலக்கம் இருக்கிறதா பாருங்கள். பதியாதவர் வற் அறவிட முடியாது. இல்லையென்றால் பில்லோடு 1977க்கு எடுங்கள், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை.

லொட்ஜில் அடையாள அட்டை கேட்டதும் அப்பா வெளியே வந்துவிட்டார். பழைய ஆள். (நெல்லியடி)

அவரைக் குறை சொல்லாதீர்கள். 2007 யூன் 7 விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பஸ்ஸில் ஏற்றி நகரைவிட்டே அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அதைக் கண்டவர்களுக்கு அந்தக் கேள்வியே போதும். இப்போது எல்லா இடத்திலும் எல்லோரிடமும் பதிவுப் புத்தகத்துக்காகக் கேட்கிறார்கள். காட்டுங்கள், இலக்கத்தை எழுதட்டும். அட்டையை மட்டும் அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஏசி அறையா, ஃபான் அறையா? (அச்சுவேலி)

முதலில் ஜன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், அது எதைப் பார்த்துத் திறக்கிறது என்றும் கேளுங்கள்.