வகுப்பறையில் உயர் நீதிமன்றம்: காசு கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகளை வைத்து ஓர் உயர் நீதிமன்ற வழக்கை வகுப்பில் நடித்துக் காட்ட ஆசை. தெரிந்தவர் ஒருவர், “அனுமதி இல்லாமல் செய்தால் கோர்ட் அவமதிப்பு. எட்டாயிரம் கொடுங்கள், அனுமதி, கறுப்பு அங்கி, சான்றிதழ் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். கொடுக்கலாமா? (ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: கொடுக்காதீர்கள் டீச்சர். ஒரு ரூபாய்கூட வேண்டாம். அவர் வாங்கித் தருவதாகச் சொல்லும் அனுமதி என்று ஒன்று கிடையவே கிடையாது. நீதிமன்றத்தின் மாண்பைக் குலைப்பது, நடக்கும் விசாரணையைக் கெடுப்பது, உத்தரவை மீறுவது, இவைதான் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் அவமதிப்பு. முடிந்துபோன ஒரு வழக்கைப் பிள்ளைகள் மரியாதையாக நடித்துக் காட்டுவது இதில் எதிலும் சேராது. தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்.

இந்த மாதிரி ஆட்களை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வாசலில் இருபது வருடமாகப் பார்க்கிறேன். கோர்ட் என்றாலே நம் மக்களுக்கு இருக்கும் பயம்தான் இவர்களுடைய முதலீடு. போன வருடம் ஒரு பள்ளியில் பிள்ளைக்கு இருநூறு ரூபாய் வசூலித்து, சிங்க முத்திரை போட்ட ‘உயர் நீதிமன்றச் சான்றிதழ்’ கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சின்னத்தை இப்படி அச்சடிப்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிக்கல் வந்தால் விற்றவன் காணாமல் போவான், மேடையில் நின்று கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். சட்டம் தெரிந்த ஆள் துணைக்கு வேண்டுமானால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சட்ட விழிப்புணர்வு அவர்கள் வேலை, கட்டணம் இல்லை. இதைப் பள்ளிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் இடைத்தரகன் பிழைக்கிறான். எனக்கு ஆத்திரம் அதில்தான்.

சரி, நாடகத்துக்கு வருவோம். சாட்சிக் கூண்டு, சத்தியப் பிரமாணம், சுத்தியல் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். நம் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. நீங்கள் எடுக்கப்போவது ரிட் மனு, அதாவது அரசு நம் உரிமையைப் பறித்தால் நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. அதில் சாட்சியைக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். மனுதாரர் நடந்ததை உறுதிமொழியோடு எழுதிப் பிரமாணப் பத்திரமாகக் கொடுப்பார், அரசு பதில் மனு போடும், அப்புறம் இரு பக்க வக்கீல்களும் வாதாடுவார்கள். பாதியில் நீதிபதி குறுக்கிட்டுக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விதான் நாடகத்தின் உயிர். அதனால் நன்றாகக் கேள்வி கேட்கிற இரண்டு பிள்ளைகளை நீதிபதிகளாக உட்கார வையுங்கள்.

வழக்கு? பிஜோ இம்மானுவேல் வழக்கை எடுங்கள். 1985-இல் கேரளத்தில் அண்ணன் தங்கைகள் மூன்று பேர், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் மத நம்பிக்கையால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசியலமைப்பில் கருத்துச் சுதந்திரம் பற்றிய பிரிவு 19, மதச் சுதந்திரம் பற்றிய பிரிவு 25 இரண்டும் இதில் வரும். மனுதாரர் உங்கள் மாணவர்கள் வயதுப் பிள்ளைகள் என்பதால் வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடும். முடிவை முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் கூடாது. உங்கள் ஊரில் நடந்த, குழந்தை சம்பந்தப்பட்ட குற்ற வழக்கை எடுக்காதீர்கள். பெயரை மாற்றிவிட்டோமே என்று நினைப்பீர்கள். பெயர் மட்டுமல்ல, விலாசம், படித்த பள்ளி என்று அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்பது சிறார் நீதிச் சட்டம். தெருவைச் சொன்னாலோ அப்பா செய்யும் தொழிலைச் சொன்னாலோ ஊரில் தெரியாதா? அதை ஒருவர் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் அன்றைக்கே பரவிவிடும். அந்தக் குழந்தையே உங்கள் பள்ளியில் படிக்கலாம், அதே அறையில் உட்கார்ந்திருக்கலாம். ஆறு மாதம்வரை சிறை உண்டு என்பதை விடுங்கள், அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் சம்மதித்தாலும் வேண்டாம்.

வாதம் முழுவதும் தமிழிலேயே நடக்கட்டும். 1862-இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்றும் ஆங்கிலம்தான். தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் ஒப்புதல் வரவில்லை. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்தி இருக்கும்போது நமக்கு ஏன் மறுப்பு என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், கேட்கட்டும்.

இரண்டு பீரியட் போதும். நீதிபதிகளான பிள்ளைகள் தீர்ப்பைக் காரணத்தோடு எழுதி வாசிக்கட்டும். அதற்குப் பிறகு சொல்லுங்கள்: கேரள உயர் நீதிமன்றம் அந்த மூன்று பேரின் மனுவைத் தள்ளுபடி செய்தது, 1986 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அவர்களைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கச் சொன்னது.