பத்து வயது மகனுக்கு பிஎம்ஐ சரி, கொழுப்பு மெஷின் மட்டும் கூடக் காட்டுகிறது: எதை நம்புவது?

இரண்டையும் முழுசாக நம்பவேண்டாம். பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) உயரத்துக்கேற்ற எடையைத்தான் பார்க்கும். அது தசையா கொழுப்பா என்று அதற்குத் தெரியாது. நம் தெற்காசியப் பிள்ளைகளுக்கு அதே பிஎம்ஐயில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிடக் கொழுப்பு கூட. அதனால் "சரி" என்று வந்தாலும் எல்லைக்குக் கிட்ட நின்றால் கவனிக்க வேண்டும்.

பெரியவர்களின் 25 என்ற எல்லை இங்கே செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி 10 வயது ஆண்பிள்ளைக்கு 18.5ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4ஐத் தாண்டினால் உடற்பருமன். 35 கிலோ, 138 செ.மீ. என்றால் 18.4; தப்பிவிட்டான். சப்பாத்தோடு அளந்து உண்மை உயரம் 136 என்றால் 18.9! வெறுங்காலோடு, குதிகால் சுவரில் பட நிறுத்தி அளவுங்கள்.

வெள்ளவத்தைப் பார்மசியிலோ ஜிம்மிலோ ஏறி நிற்கும் மெஷின் கொழுப்பை அளப்பதில்லை. சிறு மின்சாரம் விட்டு, உடல் நீரைக் கணித்து, மிச்சத்தை ஊகிக்கிறது. விளையாடி வியர்த்துவந்த பிள்ளைக்கு எண் மாறும். பல மெஷின்களின் சூத்திரம் பெரியவர்களுக்கானது. பிள்ளைக்கு வயது போட இடமில்லையென்றால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

வீட்டில் இடுப்புச் சுற்றளவை எடுங்கள்: கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின். உயரத்தில் பாதியைத் தாண்டினால், பிஎம்ஐ என்ன சொன்னாலும், பிள்ளையைச் சிறுவர் வைத்தியரிடம் காட்டுங்கள்.