நேரத்தை யாருக்குக் கொடுப்பது? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வூதியம் வீட்டுச் செலவுக்கும் மருந்துக்குமே சரியாகிவிடுவதால் நன்கொடை தர இயலவில்லை. கையில் இருப்பது நேரம்தான். பார்வையற்ற மாணவர்களுக்காகத் தேர்வு எழுதலாம் என்கிறார் என் தோழி. நான் எழுதலாமா?
– முன்னாள் தமிழாசிரியை, மதுரை.

பதில்: எழுத விரும்பினாலும் உங்களைப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். தேர்வர் தாமே அழைத்து வரும் 'சொல்வதை எழுதுபவர்' கல்வித் தகுதியில் அவரைவிட ஒரு படி குறைந்தவராக இருக்க வேண்டும் என்று நடுவணரசின் 2018 வழிகாட்டு நெறிமுறைகள் கூறின. விடை யாருடையது என்ற ஐயம் எழக்கூடாது அல்லவா? (பின்னர் வந்த திருத்தங்களையும், தேர்வு நடத்துவோரின் விதியையும் கேட்டறிவது நல்லது.)

ஆனால் தேர்வு சில நாள்தான். படிப்பு ஆண்டு முழுவதும். இன்று கைப்பேசியே புத்தகத்தைப் படித்துக் காட்டுகிறது என்றாலும், மங்கிய நகல்களிலும், கையெழுத்துக் குறிப்புகளிலும், அட்டவணைகளிலும் அது தடுமாறிவிடுவதால், உடன் அமர்ந்து வாசிக்கும் மனிதரின் தேவை குறையவில்லை. பக்க எண்ணையும் அடிக்குறிப்பையும் விடாமல் வாசியுங்கள். படம் வந்தால் அதில் இருப்பதை வரிசையாகச் சொல்லுங்கள். ல, ள, ழ மூன்றையும் பிரித்து உச்சரிக்கத் தமிழாசிரியைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காதால் படிப்பவருக்கு உங்கள் நாக்குதான் எழுத்துக்கூட்டல். எங்கே நிறுத்துவது, எதை மறுபடி வாசிப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும். நமக்குப் பிடித்த பகுதியை விளக்கத் தொடங்கிவிடுவது ஆசிரியர்களின் பழக்கம். அதைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலேயே, சுந்தரராஜன்பட்டியில், இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. பார்வையை இழந்த எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்கள் 1985-இல் தொடங்கியது. அங்கே நேரில் சென்று, எந்தப் பாடத்துக்கு, எந்தக் கிழமைகளில் ஆள் வேண்டும் என்று கேளுங்கள். முடிந்தபோது வருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களை நம்பி ஒரு மாணவி பாடத்தை ஒதுக்கி வைத்திருப்பாள். வாரம் ஒரு மணி நேரமானாலும், சொன்ன நேரத்தில் போய்விடுங்கள்.

கேள்வி: முதுகலை படிக்கும் நண்பருக்காக எழுதப் போகிறேன். அவர் தவறாகச் சொன்னால் திருத்தலாமா?
– இளங்கலை மாணவர், திருநெல்வேலி.

பதில்: கூடாது. முகக்குறிப்பை அவரால் பார்க்க முடியாதே என்று எண்ணி, குரலில் தயக்கம் காட்டுவதும் திருத்தம்தான். வினாவை மதிப்பெண்ணோடு சேர்த்து, கேட்கும் தடவையெல்லாம் வாசியுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னால் சலிக்காமல் காட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் என்ற, மேலே சொன்ன 2018 நெறிமுறைகளின் கணக்குப்படி மூன்று மணித் தேர்வு நான்கு மணி நேரம் நடக்கும். ஆகவே வயிறார உண்டுவிட்டுப் போங்கள். உங்கள் கை வலிக்கிறதே என்று அவர் விடையைச் சுருக்கும்படி ஆகிவிடக் கூடாது.