பெரியம்மா எட்டாம் வகுப்பு, அமைச்சருக்கும் டிகிரி இல்ல: ஆருக்குத் தகுதி வேணும்?

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடி. டிகிரி முடிச்சிட்டு வேலைக்குக் காத்திருக்கன். எங்கட பெரியம்மா எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவ, ஆனா கனகாலமா மாதர் சங்கத் தலைவி. அடுத்த பிரதேச சபை எலக்சனுக்கு பொம்புளைகள்ட லிஸ்டில பேர் போட ஒரு கட்சி அவவக் கேட்டிருக்கு. "படிப்பில்லாம அங்க போய் என்ன செய்யப்போறீங்க" எண்டு நான் கேட்டுட்டன், அண்டைக்கிருந்து அவ என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறல்ல. ஜீ.எஸ். (கிராம சேவகர்) வேலைக்கே ஏ.எல்.லும் போட்டிப் பரீட்சையும் கேக்கிற நாட்டில, ஒரு அமைச்சப் பொறுப்பெடுக்கிற ஆளுக்கு அந்தத் துறையில ஒரு டிப்ளோமா கூட வேணாமா? சுகாதார அமைச்சர் டொக்டரா இருக்கணும், விவசாய அமைச்சர் விவசாயம் படிச்சிருக்கணும் எண்டு நான் சொல்றது பிழையா?

பதில்: தங்கச்சி, உங்கட கோபம் நியாயமானது. வருசக்கணக்கா படிச்சிட்டு வீட்டில இருக்கிற பிள்ளைக்கு, ஒண்டும் படிக்காம ஒராள் வாகனத்தில வந்து இறங்கிறதப் பாத்தா எரியத்தான் செய்யும். ஆனா அந்தக் கோபத்த நீங்க காட்டின இடம் பிழை எண்டுதான் நான் நினைக்கிறன், ரெண்டு இடத்திலயும், பெரியம்மாட்டயும் சரி அமைச்சர்ட டிகிரியிலயும் சரி.

முதல்ல சட்டத்தச் சொல்றன். எங்கட அரசியலமைப்பில 90ஆம் உறுப்புரைப்படி வாக்காளரா இருக்கத் தகுதி உள்ள ஆரும் பாராளுமன்றத்துக்குப் போகலாம், 91ஆம் உறுப்புரையில இருக்கிற தடைகள் (அரச உத்தியோகம், இரட்டைக் குடியுரிமை அப்படியான விசயங்கள்) இல்லாட்டிச் சரி. படிப்பப் பத்தி ஒரு சொல்லும் இல்ல. அமைச்சர்மார் அந்த எம்.பி.மாருக்குள்ள இருந்துதான் வரணும். ஆனா ஒவ்வொரு அமைச்சுக்கும் ஒரு செயலாளர் இருக்கணும் எண்டு 52ஆம் உறுப்புரை சொல்லுது, அமைச்சர்ட பணிப்புக்குக் கீழ திணைக்களங்கள மேற்பார்வை செய்றது அவர்தான். அவருக்குக் கீழ டிரெக்டர், எஞ்சினியர், டொக்டர், ஆராய்ச்சி ஆக்கள். டிகிரி கட்டாயம் வேண்டிய கதிரைகள் அதுகள்தான். அமைச்சர்ட கதிரை வேற மாதிரி, அவர் கேட்டு, விளங்கி, ஒரு முடிவெடுத்து, அந்த முடிவுக்கு சனத்துக்கு முன்னால பதில் சொல்ற ஆள்.

இதப் பாக்கணுமெண்டா உன்னிச்சைப் பக்கம் சிறுபோகத்துக்கு முன்னால நடக்கிற ஆரம்பக் கூட்டத்துக்கு ஒருக்காப் போய் இருங்க. குளத்தில எத்தின அடி தண்ணி நிக்குது, அது எத்தின ஏக்கருக்குக் காணும் எண்டு நீர்ப்பாசன எஞ்சினியர் சொல்லுவார், அது படிச்ச கணக்கு, அதில ஆரும் விளையாட ஏலாது. மறுகா பின்வரிசையில இருந்து வட்டவிதானை (வயலுக்குத் தண்ணி பங்கிடுறதப் பாக்கிற விவசாயி) ஒராள் எழும்பி, ஐயா நீங்க சொல்ற ஏக்கர் சரி, ஆனா கடைசிக் கண்டத்துக்கு வாய்க்கால் தூந்து கிடக்கு, அங்க தண்ணி போய்ச் சேராது எண்டு சொல்லுவார். அவர் எந்த யுனிவர்சிட்டிக்கும் போனவரில்ல. இந்த ரெண்டையும் கேட்டு, இந்த முறை இவ்வளவுதான் விதைக்கலாம், தண்ணி இந்தத் திகதியில திறக்கிறது எண்டு முடிவெடுக்கிறதுக்கு ஒராள் மேசைக்கு அங்கால இருக்கார். அவர்ட வேலைக்கு காதும் மனசும் வேணும், யாருக்குத் தண்ணி இல்லாமப் போகுதோ அவங்கள்ட முகத்தப் பாத்து காரணம் சொல்ற தைரியமும் வேணும். அமைச்சு எண்டது இதேதான், பெரிய அளவில.

இப்ப 2021 உரப் பிரச்சினைய எடுங்க, எங்கட மட்டக்களப்பு அம்பாறை ஆக்களுக்கு இத மறக்கவே ஏலாது. அந்த வருசம் மே மாசம் கெமிக்கல் உரம் இறக்குமதிய ஒரே வெட்டா நிப்பாட்டினாங்க. அப்ப முடிவெடுத்த ஜனாதிபதிக்குப் பின்னால படிச்ச ஆக்கள் இல்லாமலில்ல, வியத்மக எண்டு பேராசிரியர்மாரும் தொழில் வல்லுனர்மாரும் சேந்த பெரிய அமைப்பே அவருக்குப் பின்னால நிண்டது. விவசாயம் படிச்ச பேராசிரியர்மார், இப்படித் திடீரெண்டு செய்தா விளைச்சல் விழும் எண்டு வெளிப்படையாவே எச்சரிச்சாங்க, கேக்க ஆளில்ல. நவம்பரில தடைய எடுத்தாங்க, அதுக்குள்ள பெரும்போகம் விதைச்சாச்சு. யூரியா போடவேண்டிய நேரத்துக்கு யூரியா கிடைக்கல்ல, கையில காசு வச்சிருந்தவனுக்கும் கிடைக்கல்ல. பச்சையா நிக்கவேண்டிய பயிர் மஞ்சளடிச்சு வெளிறி நிண்டத வட்டை (வயல்வெளி) வட்டையாப் பாத்தம், கடன்பட்டு விதைச்ச சனம் வரம்பில நிண்டு அழுதது.

அதே நேரம் இன்னொண்டும் நடந்திச்சு. சீனக் கம்பனி ஒண்டு சேதன (இயற்கை) உரம் எண்டு கப்பல் ஒண்டு அனுப்பிச்சு, ஹிப்போ ஸ்பிரிட் எண்டு பேர். மாதிரிய எடுத்து ஆய்வுகூடத்தில சோதிச்ச தாவர நோய்த்தடுப்பு (குவாரன்டீன்) அதிகாரிகள், இதில பயிரைத் தாக்கிற பக்டீரியா இருக்கு, இறக்க ஏலாது எண்டு அறிக்கை குடுத்தாங்க. வெளிநாட்டில இருந்து எவ்வளவு நெருக்குதல் வந்தும் அந்த அறிக்கைய மாத்தல்ல. கடைசில நாடு 60 லட்சம் டொலருக்கு மேல அந்தக் கம்பனிக்குக் கட்டவேண்டி வந்திச்சு, அது வேற வயித்தெரிச்சல், ஆனா அந்தச் சாமான் எங்கட மண்ணில விழல்ல. டிகிரி எங்க இருந்தா பிரயோசனம் எண்டு இதில விளங்குது தானே தங்கச்சி. ஆய்வுகூடத்தில இருந்த டிகிரி நாட்டைக் காப்பாத்திச்சு. கொழும்பில அதிகாரத்துக்குப் பக்கத்தில இருந்த டிகிரிகள் வட்டையக் காப்பாத்தல்ல.

சுகாதாரமும் அப்படித்தான். 2020 நவம்பரில கொரோனா போகணுமெண்டு மந்திரிச்ச தண்ணிக் குடத்த ஆத்தில ஊத்தினவ அப்ப இருந்த சுகாதார அமைச்சர். கொரோனாவுக்கு எண்டு சொன்ன பாணி மருந்தையும் எல்லாருக்கும் முன்னால குடிச்சுக் காட்டினா, 2021 ஜனவரில அவக்கே கொரோனா வந்திச்சு. அவ படிக்காத ஆள் இல்ல, சட்டத்தரணி. தன்ட அமைச்சில இருந்த தொற்றுநோய் டொக்டர்மார் சொன்னத முன்னுக்கு வைக்காம விட்டதுதான் அவவிட குறை, அந்தக் குறை டொக்டர் ஒராளுக்கும் வரலாம்.

நீங்க கேக்கிற மாதிரி சட்டம் போட்டுப் பாத்த நாடும் இருக்கு. பாகிஸ்தானில 2002இல முஷாரப் காலத்தில டிகிரி இல்லாதவர் எம்.பி. ஆக ஏலாது எண்டாங்க. என்ன நடந்தது, அந்த நாட்டில டிகிரி எடுத்த ஆக்கள் கொஞ்சப் பேர்தான், மிச்ச எல்லா சனமும் தேர்தலில நிக்கிற உரிமைய இழந்திச்சு, அரசியல்வாதிகள் கள்ள சேட்டிபிக்கட் எடுத்தாங்க. 2008இல உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தத் தூக்கிட்டு.

இந்த இடத்தில ஆராவது ஒராள் காமராசர இழுப்பாங்க, ஆறாம் வகுப்போட நிண்ட மனிசன் எத்தின பள்ளிக்கூடம் திறந்தார் எண்டு. சரிதான், ஆனா அவருக்குப் பக்கத்தில கல்வி டிரெக்டரா நெ.து.சுந்தரவடிவேலு இருந்தார், சொன்னதக் கேட்டு அதுக்குக் காசு தேடிக் குடுத்தவர் காமராசர், ரெண்டு பேரும் சேந்தாத்தான் அந்தக் கதை. எங்கட பக்கமும் பாருங்க. இலவசக் கல்வியக் கொண்டுவந்த கன்னங்கரா தொழிலால வழக்கறிஞர். கல்லோயா ஆத்த மறிச்சு இங்கினியாகலைக் குளத்தக் கட்டுவிச்ச முதல் பிரதமர் டி.எஸ்.சேனநாயக்கா யுனிவர்சிட்டிப் பக்கம் போகாதவர், அம்பாறையில இண்டைக்கும் அந்தத் தண்ணியிலதான் விளையுது. அதே திட்டத்தோட வந்த குடியேற்றத்தில எங்கட தமிழ், முஸ்லிம் சனம் என்ன இழந்தது எண்டு உங்களுக்கும் தெரியும், 1956 கல்லோயாக் கலவரத்தில தமிழ் ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டும் தெரியும். அந்த அநியாயத்த எந்த டிகிரியும் நிப்பாட்டியிராது. ஆருக்காக ஆட்சி செய்றன் எண்ட நினைப்பில வாற கோளாறு அது.

அப்ப நாங்க ஒண்டுமே கேக்கப்படாதா? கேக்கணும், விடாமக் கேக்கணும். முதலாவது, இல்லாத படிப்ப இருக்கு எண்டு சொல்லப்படாது. 2024 டிசம்பரில சபாநாயகர் அசோக ரன்வல தன்ட கலாநிதிப் பட்டத்துக்கு ஆவணம் காட்ட ஏலாம, வந்து ஒரு மாசத்துக்குள்ள பதவிய விட்டார். சபாநாயகரா இருக்க கலாநிதிப் பட்டம் தேவையே இல்ல, சொன்னது உண்மையா எண்ட கேள்வியிலதான் பிரச்சினை வந்தது. அடுத்தது தேசியப் பட்டியல், சனம் நேரா தெரிவு செய்யாம கட்சி பேர் குடுத்து வாற எம்.பி.மார். பாராளுமன்றத்தில 225 பேரில 29 பேர் அதால வாறாங்க, துறை தெரிஞ்ச ஆக்கள உள்ள எடுக்க நல்ல வழி, ஆனா கட்சிகள் அதில தோத்த ஆக்களையும் வேண்டிய ஆக்களையும் போடுறாங்க. விவசாயம் தெரிஞ்சவர், டொக்டர், மீன்பிடி தெரிஞ்சவர் எங்க எண்டு நீங்க சத்தம் போடவேண்டிய இடம் அது, அங்க உங்கட கோபம் நூறு வீதம் சரி. செயலாளரா ஆரைப் போடுறாங்க, நிபுணர் சொன்னதுக்கு மாறா அமைச்சர் முடிவெடுத்தா எழுத்தில காரணம் சொன்னாரா எண்டும் பாருங்க.

இனி பெரியம்மா. உள்ளூராட்சி சபைகளில 25 வீதம் பொம்புளைகளுக்கு எண்டு சட்டம் வந்து 2018 தேர்தலிலதான் முதல்முதல் நடைமுறைக்கு வந்திச்சு. யுத்தத்தில புருசன இழந்து, பிள்ளைகளுக்காகப் படிப்ப விட்டு, சீட்டுக் காசையும் சங்கக் கணக்கையும் ஒரு சதம் பிசகாம வச்சிருக்கிற எத்தினையோ பொம்புளைகள் எங்கட ஊரில இருக்காங்க, அவங்களுக்காகவும் வந்த கதவு அது. படிப்பக் காட்டி அதப் பூட்டினா உள்ள போறது பழைய ஆக்கள்தான். எந்த ஒழுங்கையில லைட் எரியல்ல, எந்தக் கிணத்துத் தண்ணி உவர், ஆர்ட வீட்டில அடுப்பு எரியல்ல எண்டு உங்கட பெரியம்மாக்குத் தெரிஞ்ச அளவு உங்களுக்கோ எனக்கோ தெரியாது.

அவவுக்கு இல்லாதது ஒண்டு இருக்கு, பட்ஜெட் வாசிக்கிறது, டெண்டர் பேப்பர் விளங்கிறது, சட்டப் புத்தகம் பிரட்டுறது. அது உங்கள்ட்ட இருக்கு. இண்டைக்குப் பின்னேரம் போய் மன்னிப்புக் கேளுங்க, "சொன்னது பிழை பெரியம்மா" எண்டு நேராவே சொல்லுங்க, சுத்தி வளைக்காதீங்க. அவ நிக்க விரும்பினா, 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் சட்டத்தில சபைக்கு ஒரு கடிதம் போட்டு போன வருசப் பட்ஜெட்டையும் ரோட்டு வேலைகள்ட டெண்டர் விபரத்தையும் எடுங்க, எடுத்து ரெண்டு பேருமா இருந்து வாசிங்க. நீங்க வரியச் சொல்லுங்க, அந்தக் காசுக்கு ஊரில உண்மையா என்ன வேலை நடந்தது எண்டு அவ சொல்லுவா.