மெடிசின் கிடைக்காவிட்டால் நோய் ஆராய்ச்சிக்குப் போக முடியாதா?

கிளிநொச்சி முரசுமோட்டைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார்: “உயர்தரம் உயிரியல் பிரிவில் முதல் தடவை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். இரசாயனவியல் நினைத்தபடி செய்யவில்லை. மெடிசினுக்கு இசட் புள்ளி காணாது போலத்தான் இருக்கிறது. எனக்கு உண்மையான ஆசை நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்வதில். வீட்டில் ‘செகண்ட் ஷை எடு, டொக்டரானால் பிறகு ஆராய்ச்சி செய்யலாம்’ என்கிறார்கள். அப்பா வயல் செய்கிறார், காசு கட்டிப் படிக்க வசதியில்லை. எந்த டிகிரி எடுப்பது? வன்னியிலிருந்து இதெல்லாம் சரிவருமா?”

தங்கச்சி, வீட்டில் சொல்வதில் பாதி சரி, பாதி பிழை. டொக்டரானால் ஆராய்ச்சி செய்யலாம் என்பது சரி. ஆராய்ச்சி செய்ய டொக்டராகத்தான் வேண்டும் என்பது பிழை. நுளம்பின் பின்னால் திரிபவர் விலங்கியல் படித்தவர். கிருமியின் டிஎன்ஏயை வாசிப்பவர் மூலக்கூற்று உயிரியல்காரர். மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் நோய் மிருக வைத்தியரின் கண்ணில் முதலில் படலாம். அடுத்த மாதம் எந்தப் பக்கம் டெங்கு கூடும் என்று கணக்குப் போடுபவருக்குப் புள்ளிவிபரவியல் தெரிந்திருந்தால் போதும், ஸ்டெதஸ்கோப் தேவையில்லை. வாட்டில் நோயாளியை வைத்துச் செய்கிற, மருந்து கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சிக்குத்தான் டொக்டர் கட்டாயம்.

ஆகவே செகண்ட் ஷை பற்றி முடிவெடுக்க முதல், நோயாளியைப் பார்க்க விருப்பமா, நோயைப் பார்க்க விருப்பமா என்று உங்களையே கேளுங்கள். நோயாளி என்றால் தயங்காமல் இரண்டாம் தரம் எடுங்கள், மூன்று தடவை வரை இடமிருக்கிறது. நோய்தான் என்றால், மெடிசின் ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், பிறகு நுண்ணுயிரியலிலோ சமுதாய மருத்துவத்திலோ பட்டப்பின்படிப்பு என்று போவது நீண்ட சுற்று. அந்தக் காலத்துக்குள் விஞ்ஞானப் பட்டக்காரர் ஒருவர் பிஎச்டியை முடித்துவிடலாம்.

வன்னியிலிருந்து சரிவருமா என்று கேட்டீர்களே, அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

உங்கள் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ மலேரியா என்று சொல்லிப் பாருங்கள், குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்றும் வாயில் நிற்கிறது என்பார்கள். இலங்கையில் 1963ஆம் ஆண்டு மொத்தமே 17 மலேரியா நோயாளிகள்தான். முடிந்தது என்று நினைத்துக் கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1960களின் முடிவில் அது ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. யுத்த காலத்தில், 1999இல் மட்டும் 2,64,000க்கு மேல். பிறகு விடாமல் வேலை செய்து, 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றியவர் இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்து, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் கிடைத்தது. அந்த வருடம் முடிவதற்குள் மன்னார் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற வேற்று நுளம்பு பிடிபட்டது. இந்தியாவில் நகரப்புறத்து மலேரியாவைப் பரப்புவது அதுதான். எங்கள் பழைய மலேரியா நுளம்பு ஆற்றுப் படுக்கையில் தேங்குகிற குட்டைகளைத் தேடிப் போகும். இதுவோ வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். நோய் இல்லாத நாட்டில், அது திரும்பி வரக்கூடிய கதவு வடக்கில் திறந்து கிடக்கிறது. அந்தக் கதவடியில் உட்கார்ந்திருக்க ஆள் வேண்டும்.

இன்னொன்று. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் முட்டையிடும் என்று நாங்கள் படித்தோம். யாழ் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் பேராசிரியர் சுரேந்திரனும் கூட இருந்தவர்களும் யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் உவர் கலந்த தண்ணீரைப் பார்த்தார்கள், அங்கேயும் குடம்பி இருந்தது. 2011இல் அது வெளியானது. பெரிய மெஷின் எதுவும் அதற்கு முதல் தேவைப்படவில்லை. மற்றவர்கள் பார்க்காத இடத்தில் குனிந்து பார்த்ததுதான் விசயம்.

உங்கள் வயலைச் சுற்றி இப்படி எத்தனை கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் காய்ச்சலில் இறந்தபோது முதலில் மர்மக் காய்ச்சல் என்று பேச்சு அடிபட்டது, பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலிக்காய்ச்சலைப் பிடிப்பது ஏன் கஷ்டம்? முதல் சில நாள் கிருமி இரத்தத்தில் இருக்கும், அப்போது கிருமியின் மரபணுவைத் தேடுகிற பிசிஆர் சோதனை செய்தால் அகப்படும். ஒரு வாரம் போனால் இரத்தத்தில் கிருமியைக் காண்பது அரிது, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற பிறபொருளெதிரியைத்தான் தேட வேண்டும். எங்கள் ஆட்கள் கசாயம் குடித்து நாலு நாள் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், இரண்டு சோதனைக்கும் இடைப்பட்ட நேரம் அது. உண்ணிக்காய்ச்சல் வடக்கில் நிறைய உண்டு. உடம்பில் சிகரெட் சுட்டது மாதிரி ஒரு கறுத்த காயத்தைத் தேடிப் பார்க்காவிட்டால் அதுவும் தப்பிவிடும். மெலியோய்டோசிஸ் என்று ஒன்று, சேற்று மண்ணில் வாழும் பற்றீரியா, சலரோகக்காரரைக் கண்டால் விடாது. ஆய்வுகூடத்தில் அதை வெளியிலிருந்து வந்த மாசு என்று ஒதுக்கிவிடுகிற பிழை நடப்பதுண்டு. வவுனியாப் பக்கச் சிறுநீரக நோய்க்குக் காரணம் தண்ணீரின் கடினத்தன்மையா, புளோரைட்டா, கிருமிநாசினியா, வெயிலில் உடம்பு வற்றுவதா என்று இன்றும் அடிபடுகிறார்கள். கொழும்பிலிருந்து வருகிற ஆய்வாளர் வயலில் எப்போது தண்ணீர் கட்டுவார்கள், எப்போது வெறுங்காலோடு இறங்குவார்கள் என்று கேட்டு எழுத ஒரு வாரம் எடுப்பார். அது உங்களுக்குச் சோறு கறி மாதிரி.

சரி, டிகிரி. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமைப் பட்டியல், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி இந்த மூன்றாவதிலும் வருகிறது. அதனால் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் விட வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேடு தமிழிலும் வருகிறது, முழுவதையும் வாசியுங்கள். ரியூசன் வாசலில் கேட்டதை வைத்து விருப்ப ஒழுங்கு நிரப்பிப் பிறகு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு துறைக்குப் பதிந்துவிட்டால் அடுத்த வருடம் மாறுவதில் கட்டுப்பாடுகள் உண்டு, செகண்ட் ஷை எண்ணமிருந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தை மேலே போடுவேன். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் இருக்கிறது. படித்து முடிய ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிற தகுதி கையில் இருக்கும், ஆராய்ச்சிக் கதவும் மூடாது. காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விசயமில்லை. ஆராய்ச்சி மட்டும்தான் என்று பிடிவாதமாக இருந்தால் உயிரியல் விஞ்ஞானம். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் சிறப்புப் பட்டம், பேராதனையில் மூலக்கூற்று உயிரியல், கொழும்பில் உயிர் இரசாயனவியலும் மூலக்கூற்று உயிரியலும். மிருக வைத்தியம் பேராதனையில் மட்டும்தான். விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோய்களில் ஆசையிருந்தால் மெடிசினைவிட அதுதான் நேர் பாதை என்பது என் எண்ணம், ஆனால் ஊரில் ‘மாட்டு டொக்டர்’ என்று சொல்லுவார்கள், அதைத் தாங்க வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகத்தின் சுற்றாடல் விஞ்ஞானம் தண்ணீரும் நோயும் சேருகிற கேள்விகளுக்குப் பொருந்தும். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற யாழ் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் பயிர் நோய் இருக்கிறது. நெல்லுக்கு வருவதும் நோய்தானே.

எந்தப் பட்டம் என்பதை விட, அதற்குள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் பிறகு எல்லோரும் கேட்பார்கள். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்க வேண்டாம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் முதல் இரண்டு வருடப் புள்ளிகளைத்தான் பார்ப்பார்கள். கம்பஸ் போன புழுகத்தில் முதலாம் வருடத்தைக் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம். நான்காம் வருட ஆய்வுத்திட்டம்தான் உங்கள் உண்மையான நுழைவுச்சீட்டு. சுகமான தலைப்பைத் தேடாதீர்கள், கூட நிற்கிற மேற்பார்வையாளரைத் தேடுங்கள். கேட்டு எழுதும்போது ‘எந்தத் தலைப்பும் சரி சேர்’ என்று எழுதாமல், அவருடைய கட்டுரை ஒன்றை வாசித்து, அதில் விளங்காத ஓர் இடத்தைக் கேளுங்கள். அப்படிக் கேட்கிற பிள்ளையை ஆசிரியர் மறக்கமாட்டார்.

ஆராய்ச்சி என்றால் என்ன என்பதும் அந்த வருடத்தில்தான் தெரியும். நான் மூன்று மாதம் சேர்த்த மாதிரிகள் ஓர் ஆய்வுகூடத்துக் குளிரூட்டியில் இருந்தன. ஒரு சனிக்கிழமை மின்சாரம் போனது, ஜெனரேட்டரைப் போட ஒருவரும் இல்லை. திங்கட்கிழமை திறந்தால் எல்லாம் உருகி நாறியது. இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் இருந்தேன், பிறகு மறுபடி சேர்க்கப் போனேன். மறுபடி போக மனம் வராதென்றால் இந்த வேலை சரிவராது.

அடுத்தது ஆங்கிலம். வன்னிப் பிள்ளையை விழுத்துவது உயிரியல் இல்லை, இதுதான். முதலாம் வருடத்தில் விரிவுரையாளர் ‘அஸே, அஸே’ என்று சொல்லச் சொல்ல, கட்டுரை எழுதச் சொல்கிறார் என்று நினைத்து வீட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு போனவன் நான். அது ஆய்வுகூடச் சோதனைக்கான சொல் என்று பக்கத்திலிருந்த பெடியன்தான் சொன்னான். பெறுபேறு வரும்வரை உங்களுக்குச் சில மாதம் இருக்கிறது. தமிழில் நன்றாகத் தெரிந்த பாடம் ஒன்றை, நிர்ப்பீடனம் என்று வையுங்கள், ஆங்கில விரிவுரையாக யூடியூப்பில் கேளுங்கள். விசயம் ஏற்கனவே தெரிந்ததால் சொல் தானாக ஒட்டும். தினமும் பத்து வசனம் ஆங்கிலத்தில் எழுதுங்கள், பிழையாக எழுதினாலும் பரவாயில்லை. அப்புறம் எக்செல், அதற்குப் பிறகு ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருள். அது இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

செலவைப் பற்றி. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மகாபொல உதவித்தொகை கிடைத்தால் கைச்செலவுக்கு ஓரளவு உதவும். பட்டம் முடிந்து வருகிற இரண்டு மூன்று வருடம்தான் கஷ்டம். தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியில் நடக்கிற திட்டங்களில் ஆய்வு உதவியாளர், அல்லது துறையில் தற்காலிகப் போதனாசிரியர். சம்பளம் பெரிதில்லை, நிரந்தரமும் இல்லை. அதைத் தாண்டினால் வெளிநாட்டு பிஎச்டி இருக்கிறது. அதற்குப் பல இடங்களில் காசு கட்டத் தேவையில்லை என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் உயிரியல் மருத்துவத் துறைகளில் பிஎச்டி மாணவருக்குப் பொதுவாகப் படிப்புக் கட்டணத்தையும் கட்டி, மாதச் செலவுக்கும் கொடுப்பார்கள். மாஸ்டர்ஸ் இல்லாமலும் சேரலாம். ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலும் உண்டு. ஆகவே காணியை ஈடு வைத்து மாஸ்டர்ஸுக்கு அனுப்புகிறேன் என்று வருகிற ஏஜென்ட்டைப் படலைக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். தனியார் இடங்களில் இலட்சக் கணக்கில் கட்டுகிற பயோமெடிக்கல் பட்டமும் அப்படித்தான். அதை வைத்து ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக இலங்கை மருத்துவ சபையில் பதியலாமா என்று, சேர முதல் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லுகிற பதிலை நம்ப வேண்டாம்.

காத்திருக்கிற இந்த மாதங்களில் ஒரு சின்ன வேலை தருகிறேன். வீட்டைச் சுற்றி மழைத்தண்ணீர் நிற்கிற பத்து இடத்தைத் தெரிந்தெடுங்கள்: சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு, கிணற்றடி வாளி. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்தில் குடம்பிகளை எண்ணி, அந்த வாரம் மழை பெய்ததா என்றும் கொப்பியில் எழுதுங்கள். நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகப் படுத்திருந்தால் அனோபிலிஸ். வால்பக்கக் குழாயால் மூச்செடுத்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கினால் டெங்கு நுளம்பு அல்லது கியூலெக்ஸ். எண்ணி முடிந்ததும் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிடுங்கள், ஆராய்ச்சி என்று சொல்லி அயலட்டைக்கு டெங்கு வளர்க்க வேண்டாம். பத்து வாரம் முடிய எக்செலில் ஒரு வரைபடம். ஆட்களின் வருத்தம், இரத்தப் பரிசோதனை விபரம் மட்டும் சேர்க்காதீர்கள், அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மேற்பார்வையாளரிடம் போகும்போது சான்றிதழ் பைலுக்கு மேலே இந்தக் கொப்பியை வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெரும்போகத்துக்கு வயலில் இறங்க முதல், எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாகக் கொடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையை அப்பா பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எடுத்தாரா? இல்லையென்றால் இந்த முறை நீங்களே எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போன இடத்தில், எங்கள் பகுதியில் போன வருடம் எத்தனை பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது என்றும் கேட்டுப் பாருங்கள்.