ரத்த உறவுக் கணக்கு: தாளில் ‘மாமா’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: ரயில்வே என்.டி.பி.சி., டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுகள் இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். ‘இவர் அவருக்கு என்ன உறவு?’ என்று கேட்கும் ரத்த உறவுக் கேள்வி ஒன்றுக்கே இரண்டு நிமிடம் போய்விடுகிறது. கடைசியில் இரண்டு விடைகளுக்கு நடுவே நின்று தவறானதைத் தேர்ந்தெடுக்கிறேன். எப்படிச் சரிசெய்வது?

பதில்: என்.டி.பி.சி. முதல் கட்டத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள். ஒன்றுக்கு 54 விநாடிதான். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணும் கழியும். எனவே கடைசித் தடுமாற்றத்தைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் நம் உறவுமுறைச் சொற்களிலிருந்து வருகிறது. அத்தை மகன், மாமன் மகள் என்று மணம் முடிக்கும் வழக்கத்தோடு வளர்ந்த சொற்கள் இவை. அம்மாவின் சகோதரரும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, மாமனாரும் மாமா. மகளின் கணவர் மருமகன்; ஓர் ஆணுக்குச் சகோதரியின் மகனும் மருமகன்தான். வீட்டில் இதனால் யாரும் குழம்புவதில்லை. ஆனால் கணக்குப் போடும்போது பாதி வழியில் ‘மாமா’ என்று எழுதிவிட்டால், அவர் எந்த வழியில் மாமா என்ற தகவல் தொலைந்துபோகிறது.

அதனால் விடையை எட்டும்வரை உறவுப் பெயரே எழுதாதீர்கள். மூன்று கோடுகள் போதும். பெற்றோர்–பிள்ளைக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு, உடன்பிறப்புக்குப் படுக்கைக் கோடு, கணவன்–மனைவிக்கு இரட்டைக் கோடு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பாலினம் தெரியாதவருக்கு எதுவும் போடாமல் வெறும் எழுத்து. மாற்றாந்தாய், மறுமணம் என்று கேள்வி சொல்லாதவரை, தம்பதியில் ஒருவரின் பிள்ளை மற்றவருக்கும் பிள்ளைதான்.

அந்த வெறும் எழுத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ‘க என்பவர் ச-வின் சகோதரர்’ என்றால் க ஆண். ச யார் என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. ‘ர்’ விகுதியும் ‘இவர்’ என்ற சொல்லும் பாலினத்தைக் காட்டாது. ஒரு கேள்வியைப் பாருங்கள். புகைப்படத்தைக் காட்டி ஒரு பெண் சொல்கிறார்: “இவருடைய தாயின் ஒரே மகளுடைய மகன் என் கணவர்.” படத்தில் இருப்பவர் ஆண் என்றால், அந்த ஒரே மகள் அவருடைய சகோதரி, ஆகவே அவர் கணவரின் தாய்மாமன். பெண் என்றால் அந்த ஒரே மகள் அவரேதான்; அப்போது பேசுபவருக்கு மாமியார். கேள்வியில் ‘ஓர் ஆணின் படத்தைக் காட்டி’ என்று இருந்ததா என்பதே விடையை முடிவு செய்கிறது. இத்தகைய கேள்வியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வரையுங்கள்: கணவர், அவருடைய தாய், அந்தத் தாயின் தாய், பிறகு படத்தில் இருப்பவர்.

‘ஒரே’ என்ற சொல்லுக்கு அடிக்கோடிடுங்கள். ‘என் தாத்தாவின் ஒரே மகன்’ என்பது அப்பாவழித் தாத்தா என்றால் அப்பா, அம்மாவழி என்றால் தாய்மாமன். வழி சொல்லப்படாவிட்டால் இரண்டு படமும் வரைந்து, விடைப் பட்டியலில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

குறியீட்டுக் கேள்விகளுக்கு வேறொரு சுருக்கு வழி உண்டு. ‘+’ தந்தை, ‘−’ மனைவி, ‘×’ சகோதரன், ‘÷’ மகள் என்று வைத்துக்கொள்வோம்; அதாவது ‘ல + ந’ என்றால் ல என்பவர் ந-வின் தந்தை. ‘ம என்பவர் ந-வின் தாய்மாமன்’ என்பதைக் குறிக்கும் தொடர் எது? ம ஆணாக இருக்க வேண்டும். எனவே ‘ம −’, ‘ம ÷’ என்று தொடங்கும் விடைகளைப் படம் வரையாமலே அடித்துவிடலாம். மிஞ்சுவதில் ‘ம × ல + ந’ தந்தையின் சகோதரனைத் தருகிறது. ‘ம × க − ல + ந’ என்பதில் க-வின் சகோதரன் ம, க-வின் கணவர் ல, ல-வின் பிள்ளை ந. தாய் க என்பதால் இதுவே விடை. ந-வின் பாலினம் தெரியவில்லை. இந்தக் கேள்விக்கு அது தேவையும் இல்லை. கேள்வியையே திருப்பி ‘ம-வுக்கு ந என்ன உறவு?’ என்று கேட்டால்தான் ‘விவரம் போதாது’ என்பது விடையாகும்.

‘ஆறு பேர், மூன்று தலைமுறை, இரண்டு தம்பதி’ என்ற வகையில் உடனே இரண்டு–இரண்டு–இரண்டு என்று அடுக்கிவிடுகிறோம். பல நேரம் அது சரிதான். ஆனால் மேலே ஒரு பாட்டி, நடுவில் இரண்டு தம்பதி, கீழே ஒரு குழந்தை என்றும் வரலாம். ஆகவே தம்பதிகளை முதலில் தனித்தனியாக வரைந்துகொண்டு, யார் யாருக்குப் பிள்ளை என்ற வரி வந்த பிறகே தலைமுறையில் பொருத்துங்கள்.

விடைப் பட்டியலில் ‘மருமகன்’ என்று மட்டும் இருந்தால் ஆங்கில வரியைப் பாருங்கள். அங்கே ‘நெஃப்யூ’, ‘சன்-இன்-லா’ இரண்டும் வேறு வேறு சொற்கள். டி.என்.பி.எஸ்.சி. வினாத்தொகுப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. ஆனால் ‘சிஸ்டர்-இன்-லா’வுக்கு இது உதவாது. மனைவியின் சகோதரி, கணவரின் சகோதரி, சகோதரனின் மனைவி மூவரும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். அங்கே தமிழில் நாத்தனாரா, கொழுந்தியாளா, அண்ணியா என்று யோசிக்காமல், உங்கள் படத்தில் இரட்டைக் கோடு ஒன்றும் படுக்கைக் கோடு ஒன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.